கட்டணம் கொடுப்பவரின் கணக்கைப் பரிசோதிப்பவர்: கணக்காய்வாளரின் சுயாதீனம் பற்றி ஒரு மாணவருக்கு எழுதிய பதில்

தம்பி, திருகோணமலை வளாகத்தில் வணிகக் கற்கையின் இறுதி ஆண்டில் இருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒரு கம்பனியின் கணக்குகளைப் பரிசோதிக்கும் கணக்காய்வாளருக்கு அதே கம்பனிதான் கட்டணம் கொடுக்கிறது என்றால் அவரைச் சுயாதீனமானவர் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது என்பது முதலாவது. அரசு தன் நிறுவனங்களை மறுசீரமைத்து, சிலவற்றின் பங்குகளை விற்கவும் சிலவற்றைத் தனியாருடன் சேர்ந்து நடத்தவும் முனையும் இக்காலத்தில் அந்தச் சுயாதீனம் கூடுமா, குறையுமா என்பது இரண்டாவது. இந்த ஊரிலேயே பயிலுநராகத் தொடங்கி முப்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாடப்புத்தகங்கள் சுயாதீனத்தைப் பெரும்பாலும் ஒரு குணமாக, மனவுறுதியாக எழுதுகின்றன. அந்த மனவுறுதி தேவைதான். ஆனால் நல்ல மனவுறுதி உள்ளவரையும் அது உதவாத ஓர் இடத்தில் நிறுத்திவிட முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். கணக்காய்வாளரை நியமிப்பவர் யார், நீக்கக்கூடியவர் யார், கசப்பான உண்மையை அவர் எழுதிய பிறகு அந்த எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுப்பவர் யார் என்ற மூன்றும்தான் சுயாதீனத்தைத் தீர்மானிக்கின்றன. சந்தைச் சீர்திருத்தம் இம்மூன்றையும் ஒரே நேரத்தில் கலைத்துப் போடுகிறது. பழைய பாதுகாப்பு போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை என்ற ஓர் இடைவெளி அப்போது உண்டாகிறது. என் அனுபவத்தில் கெடுதல் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது.

பயிலுநராக இருந்தபோது கந்தளாய்ப் பக்கம் இருந்த ஓர் அரிசி ஆலைக்கு ஆண்டிறுதி இருப்பெடுப்புக்காக என்னை அனுப்பினார்கள். அந்த ஆலை தன் நெல்லை ஈடுவைத்து வங்கியில் கடன் பெற்றிருந்தது. ஆகவே களஞ்சியத்தில் எத்தனை மூடை இருக்கிறது என்பது ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் ஆண்டிறுதிப் பட்டியலில்) வரும் ஒரு தொகை மட்டுமல்ல, வங்கியின் பாதுகாப்பும் அதுதான். களஞ்சியப் பொறுப்பாளர் நீளத்தில் 20, அகலத்தில் 12, உயரத்தில் 15 என்று விரலை நீட்டி எண்ணிக் காட்டினார். பெருக்கினால் 3,600 மூடை. புத்தகத்திலும் 3,600 இருந்தது. நான் எழுதிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஏதோ ஒரு சந்தேகத்தில் ஏணி கேட்டு மேலே ஏறினேன். நடு அடுக்கில் கால் வைத்தபோது மூடை அழுந்தாமல் தளதளவென்று ஆடியது. இரண்டு மூடைகளைப் புரட்டிப் பார்த்தேன். கீழே பலகை, பலகைக்குக் கீழே வெறும் இருட்டு. நாலு பக்கமும் இரண்டு மூடைத் தடிப்பில் சுவர்போல அடுக்கி, நடுவை வெறுமையாக விட்டு, மேலே பலகை போட்டு மூடியிருந்தார்கள். உண்மையில் இருந்தது ஏறத்தாழப் பாதிதான்.

முதலாளி கெட்ட மனிதர் அல்லர். எனக்குத் தேநீர் கொடுத்து, “தம்பி, இது வங்கிக்குக் காட்டுற கணக்கு. அடுத்த போகம் வந்தால் எல்லாம் நிரம்பிவிடும்” என்று அமைதியாகச் சொன்னார். வேலையாட்களின் கூலிக்காக நெல்லை விற்றிருந்தார் என்று பின்னர் தெரிந்தது. நான் அலுவலகம் திரும்பி மூத்தவரிடம் சொன்னேன். அந்த முதலாளி வழியாக வந்த வேறு நாலு வாடிக்கையாளர்களும் எங்களிடம் இருந்தார்கள். மூத்தவர் இரண்டு நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் முதலாளியை அழைத்துத் தொகையைத் திருத்தச் சொன்னார்; அவர் மறுத்தார். நெல் இருப்பு நீங்கலாக மற்றவை சரி என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதி மூத்தவர் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு அந்த ஆலைக்கு வேறு கணக்காய்வாளர் வந்தார். அவருடைய அறிக்கையில் எந்தக் குறையும் இல்லை. நாலு வாடிக்கையாளர்களில் மூவர் மூன்று ஆண்டுகளுக்குள் போய்விட்டார்கள். வங்கியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. என் மூத்தவருடைய மனம் முழுச் சுயாதீனத்துடன் இயங்கியது. ஆனால் அந்தச் சுயாதீனத்துக்கான விலையை அவர் ஒருவரே கொடுத்தார். உங்கள் முதல் கேள்வியின் சிக்கல் எனக்கு அங்கேதான் விளங்கியது.

சட்டம் இதை எதிர்பார்க்காமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி கணக்காய்வாளரை நியமிப்பவர்கள் பங்குதாரர்கள். பணிப்பாளர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே தேர்ந்தெடுத்த ஒருவரைக் கொண்டு பரிசோதிக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஒருவரை மாற்ற விரும்பினால் அவர் பங்குதாரர் முன் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கணக்காய்வுக் கட்டணத்தையும், அதே நிறுவனத்துக்கு வேறு சேவைகளுக்காகக் கொடுத்த பணத்தையும் ஆண்டறிக்கையில் தனித்தனியே காட்ட வேண்டும். எழுத்தில் எல்லாம் சரி. ஆனால் உட்துறைமுக வீதியில் உள்ள ஒரு கம்பனியில் பங்குதாரர்கள் கணவன், மனைவி, மனைவியின் தம்பி. பணிப்பாளர்களும் அதே மூவர். வருடாந்தப் பொதுக்கூட்டம் வீட்டு மேசையில் நடக்கிறது. அங்கே பங்குதாரர் நியமனம் என்ற பாதுகாப்பு வெறும் சொல்லாகிவிடுகிறது. போதாததற்கு, கணக்கெழுதத் தெரிந்தவர் இல்லாத இத்தகைய இடங்களில் வவுச்சர்ப் பையை ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். கணக்காய்வாளரின் அலுவலகமே லெட்ஜர் எழுதி, ஐந்தொகை தயாரித்து, அதையே பரிசோதித்து, கையெழுத்தும் வைக்கும். தன் வேலையைத் தானே திருத்துபவர் தன் தவறைக் காண்பது அரிது. தொழில் ஒழுக்கக் கோவை இதைத் தனி ஆபத்தாகவே பெயரிட்டுச் சொல்கிறது. ஆனாலும் நம் போன்ற மாவட்டங்களில் இது பழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது, நான் இருந்த அலுவலகங்கள் உட்பட.

நெருக்கமும் ஓர் ஆபத்து. கொழும்பில் கணக்காய்வாளரும் வாடிக்கையாளரும் வேலை முடிந்தால் பிரிந்துவிடலாம். இங்கே கோணேசர் கோயில் தேரிலும் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவிலும் அவர்களையே சந்திக்கிறோம். அவர்களின் பிள்ளைகளின் திருமணத்தில் முதல் பந்தியில் நம்மை உட்கார வைக்கிறார்கள். அறிக்கை கையெழுத்தாகும் வாரத்தில் பனிக்கட்டிப் பெட்டியில் பாரை மீன் வீட்டுக்கு வந்தபோது திருப்பி அனுப்பியிருக்கிறோம். அந்தக் குடும்பம் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டது. போர்க்காலம் இன்னொன்றையும் பழக்கிவிட்டது. மூதூருக்கும் அதற்கு அப்பாலும் போய் இருப்பெடுக்க முடியாத ஆண்டுகளில் முதலாளியின் சொல்லையே சான்றாக ஏற்றோம். ஆவணங்கள் எரிந்துவிட்டன என்பது பலருக்கு உண்மையாகவே நேர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் கடலும் பல அலுவலகங்களின் கோப்புகளைக் கொண்டுபோனது. அப்போது ‘சான்று கிடைக்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதுவதுதான் முறை. பலர் மனிதாபிமானம் கருதி எழுதவில்லை. காலம் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1977க்கு முன்னர் பெருந்தொழில்களில் பெரும்பகுதி கூட்டுத்தாபனங்களாக அரசிடம் இருந்தது. அவற்றின் கணக்கு, அரச கணக்குகளைப் பரிசோதிக்கும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியிடம் போனது. அவருடைய பதவி அரசியலமைப்பில் எழுதப்பட்டது, சம்பளம் அரசின் பொது நிதியான திரட்டு நிதியிலிருந்து வருகிறது, பாராளுமன்றத்துக்குப் பொறுப்பானவர். அறிக்கைகள் தாமதமாக வந்தன, பாராளுமன்றமும் அவற்றைத் தூசிபடிய விட்டது. ஆனாலும் அவர் பரிசோதித்த நிறுவனம் அவரை அடுத்த ஆண்டு மாற்றிவிட முடியாது. பொருளாதாரம் திறக்கப்பட்ட பின், 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் கூட்டுத்தாபனங்களைப் பொதுக் கம்பனிகளாக மாற்ற வழி செய்தது. பெயர்ப்பலகை மாறிய அந்த நிறுவனங்களின் பங்குகள் திறைசேரியிடமே இருந்தாலும், வடிவத்தில் அவை கம்பனிகள். அரசு பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அரசியலமைப்பு வரம்புக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது 2015இன் 19ஆவது திருத்தம்தான். இடையில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலம். மேலே நான் இடைவெளி என்று சொன்னது இதைத்தான்: சொத்து மக்களுடையது, வடிவம் தனியாருடையது, இரண்டு வகைப் பரிசோதனையும் முழுமையாகப் பொருந்தாத நிலை.

இது ஏன் திருகோணமலையில் இருப்பவருக்கு முக்கியம் என்பதற்குச் சீனக்குடாவைப் பார்த்தால் போதும். திறந்த பொருளாதாரத்தின் முதற்பலன்களாக வந்த பிறிமா மாவாலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் அங்கே இருக்கின்றன. அவை தொடக்கத்திலிருந்தே தனியார் முதலீடுகள். அதே பகுதியில் உள்ள எண்ணெய்த் தாங்கிகள் வேறு வகை. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 61 தாங்கிகளுக்காக அமைந்த கூட்டுக் கம்பனியில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைத் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு 49 சதவீதம். அந்த 51 என்ற எண்ணைப் பலர் கௌரவத்தின் அடையாளமாகப் பேசினார்கள். நான் அதைக் கணக்காய்வு எல்லைக்கல்லாகப் பார்க்கிறேன். 50 என்ற கோட்டுக்குக் கீழே பங்கு இறங்கினால், தாங்கியும் நிலமும் குழாயும் அப்படியே இருக்க, அவற்றின் கணக்கு கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் வரம்பிலிருந்து வெளியேறிவிடும். புல்மோட்டைக் கனிய மணல் நிறுவனம் முழுக்க அரசுடையது. அங்கே நாளை ஒரு பங்குதாரரைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை சதவீதம் என்பதோடு கணக்கைப் பார்ப்பது யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விற்பனைக் காலம்தான் மிகவும் ஆபத்தானது. சாதாரண ஆண்டில் கணக்காய்வாளரின் தவறு ஐந்தொகையில் ஒரு பிழையாக நிற்கும், அடுத்த ஆண்டு திருத்தலாம். விற்பனை ஆண்டில் அதே தொகை விலையாகிவிடுகிறது. பெறவேண்டிய கடன்களில் எவ்வளவு வராது, இயந்திரத்தின் மீதி ஆயுள் எத்தனை ஆண்டு, ஊழியரின் பணிக்கொடைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற மூன்று மதிப்பீடுகளைக் கொஞ்சம் நகர்த்தினாலே பொதுச்சொத்து மலிவாகவோ, வாங்குபவர் ஏமாறும்படியோ கைமாறும். அரசு அப்போது உரிமையாளராகவும் விற்பவராகவும் வரி அறவிடுபவராகவும் விதி எழுதுபவராகவும் ஒருங்கே நிற்கிறது. விற்பனை விரைவில் முடிய வேண்டும் என்ற அவசரமும் அதற்கு உண்டு. அந்த அவசரத்தில் மதிப்பிடுபவர், ஆலோசனை சொல்பவர், கணக்கைப் பரிசோதிப்பவர் என்ற மூன்று வேலைகளும் ஒரே அலுவலகத்துக்கோ அதன் உறவு அலுவலகங்களுக்கோ போய்ச் சேர்வது எளிது. 2003இல் நடந்த இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபன விற்பனையை உயர் நீதிமன்றம் 2009இல் செல்லாததாக்கிப் பங்குகளை அரசுக்குத் திருப்பியது. ஆறு ஆண்டு கழித்து ஒரு விற்பனையைப் பின்னோக்கிக் கழற்றுவது எல்லோருக்கும் நட்டம். நல்ல கேள்விகள் விற்பனைக்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை.

இந்த இடைவெளியை நம்மைவிடப் பெரிய அளவில் கடந்த நாடு சீனா. 1980இல் கணக்காய்வுத் தொழில் அங்கே மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது அலுவலகங்கள் அரச திணைக்களங்களோடும் உள்ளூராட்சி அமைப்புகளோடும் ஒட்டியே பிறந்தன. 1990இல் ஷாங்காயிலும் ஷென்சென்னிலும் பங்குச் சந்தைகள் அமைந்தபின், உள்ளூர் அரசு தன் கம்பனியைப் பட்டியலில் சேர்க்க விரும்பும், அந்தக் கம்பனியின் கணக்கைத் தன்னோடு ஒட்டிய அலுவலகமே சான்றுபடுத்தும் என்ற நிலை வந்தது. 1990களின் நடுவில் கண்டிப்பான கணக்காய்வு நியமங்களைக் கொண்டுவந்தார்கள். அதன் விளைவை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இரண்டு விடயங்களைக் கண்டது: குறை சுட்டும் அறிக்கைகள் ஒன்பது மடங்காகப் பெருகின, உடனே, அத்தகைய அறிக்கை எழுதும் வாய்ப்பு அதிகமுள்ள பெரிய அலுவலகங்களின் சந்தைப் பங்கு குறைந்தது. முதலாவதை மட்டும் படித்தால் சீர்திருத்தம் வென்றது என்று தோன்றும். இரண்டாவது என் மூத்தவரின் கதை. ஒரு நாட்டின் அளவுக்குப் பெருக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நியமம் எழுதியவர்கள் கணக்காய்வாளரின் கையை நிமிர்த்தினார்கள். நிமிர்ந்த கையெழுத்தை விரும்பி வாங்குபவர் சந்தையில் அப்போது போதுமான அளவு இல்லை. 1998, 1999 ஆண்டுகளில் அலுவலகங்களை அரச அமைப்புகளிலிருந்து முற்றாகப் பிரித்தது அடுத்த படி.

நம் நாட்டிலும் வாங்குபவர் யார் என்பதே விடுபட்ட கேள்வி. 1980களின் பிற்பகுதியில் நிதிக் கம்பனிகள் பல சரிந்து வைப்பாளர்கள் தெருவில் நின்றார்கள். 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்களுக்குச் சட்ட வலுவைக் கொடுத்து, அவை பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க ஒரு கண்காணிப்புச் சபையையும் உருவாக்கியது. நல்ல சட்டம் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் 2002இல் பிரமுக வங்கி நின்றுபோனது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடன் அட்டைக் கம்பனி ஏறத்தாழ 2,600 கோடி ரூபா வைப்புகளுடன் சரிந்தது. வைப்பு வைத்தவர்கள் வட்டி வீதத்தைக் கேட்டார்கள். கணக்காய்வு அறிக்கையைக் கேட்டவர் மிகச் சிலர். கடன் கொடுக்கும் வங்கியும் அறிக்கையைக் கோப்பில் வைப்பதற்கான தாளாகவே பார்க்கிறது. நிலப் பத்திரத்தைத்தான் உண்மையாகப் படிக்கிறது. படிப்பவர் இல்லாத அறிக்கையில் உண்மையை எழுதச் சொல்லி ஒரு மனிதரை ஆண்டாண்டாகக் கேட்க முடியாது.

அரச பக்கத்திலும் சுயாதீனம் ஒருமுறை எழுதிவைத்தால் நின்றுவிடும் பொருளாக இருக்கவில்லை. 2018இல் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்தது. 2020இன் 20ஆவது திருத்தம், அரச கணக்காய்வு அதிகாரிகளின் நியமனத்தைக் கவனிக்கும் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவை இல்லாமலாக்கியது. 2022இன் 21ஆவது திருத்தம் அதை மீட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டு, அரச நிறுவனங்களின் கணக்குகளைக் காலத்தில் வெளியிடுவது பற்றிய பேச்சு எங்கும் கேட்டது. அதே திட்டம் நடந்துகொண்டிருந்த 2025இல், ஏப்ரலில் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்குப் பின் நிரந்தர நியமனம் இல்லாமலே மாதங்கள் கடந்தன. மறுசீரமைப்பின் நடுவில் அந்தக் கதிரை காலியாக இருப்பது எனக்கு உண்மையான கவலையைத் தந்தது.

செய்யக்கூடியவை என்ன என்று கேட்டால், கணக்காய்வு அலுவலகத்தைக் கட்டாயமாக மாற்றும் விதியை எல்லோரும் முதலில் சொல்வார்கள். இந்தியா 2013இன் கம்பனிச் சட்டத்தில் பத்து ஆண்டு எல்லையைக் கொண்டுவந்தது. பட்டியலிடப்பட்ட பெருங்கம்பனிக்கு அது பொருந்தலாம். விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்காய்வாளர்களே உள்ள மாவட்டத்தில் அது அதே நாலு பேருக்குள் சுற்றும் நாற்காலியாகிவிடும். எனக்கு அதைவிட மற்றச் சேவைகளின் பணமே கவலை. என்ரோன் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பனி 2000ஆம் ஆண்டில் தன் கணக்காய்வாளருக்குக் கணக்காய்வுக்காக 2.5 கோடி டொலரும், பிற சேவைகளுக்காக 2.7 கோடி டொலரும் கொடுத்தது. அடுத்த ஆண்டு அதன் கணக்கு மோசடி வெளிப்பட்டு அந்தக் கம்பனி சரிந்தது. பங்கு விற்பனைக்குத் தயாராகும் எந்த அரச நிறுவனத்திலும் கணக்காய்வாளருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, மதிப்பீட்டாளர் முற்றிலும் வேறாக இருக்க வேண்டும், விற்பனைக்கு முந்திய மூன்று ஆண்டு அறிக்கைகள் மூன்று மொழியிலும் வெளியாகியிருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். தனியார் பக்கத்தில், கடன் வாங்கும் கம்பனி தன் கணக்காய்வாளரை மாற்றினால் பழையவரிடம் காரணம் கேட்டு எழுதும் கடமையை வங்கிக்குக் கொடுத்தால் போதும். அன்று அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அரிசி ஆலையின் கதை வேறுவிதமாக முடிந்திருக்கும்.

அடுத்த மாதம் பயிற்சிக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். முதல் வாரத்தில் பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்து, கணக்காய்வாளருக்குக் கொடுத்த பணம் பற்றிய குறிப்பில் இரண்டு வரிகளையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். இருப்பெடுப்புக்கு அனுப்பினால், பெருக்குவதற்கு முன் ஏணி கேளுங்கள். ஏணி இல்லை என்று சொன்னால், சொன்னவரின் பெயர், நேரம் இரண்டையும் வேலைத்தாளில் எழுதி, அன்றைக்கே உங்கள் மூத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.